நாலு செகண்டு

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தத் தொழிற்சாலையில் வாசல் காவலாளி வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். கையுறை போடாமல் தகட்டைத் தொட்ட ஒருத்தனுக்குக் குறிப்பு அட்டையாலேயே செவிட்டில் ஒன்று வைத்தவள். வைத்த கையோடு அவளே கையுறை எடுத்து வந்து மாட்டியும் விட்டாள், அதனால் அவன் புகார் கொடுக்கவில்லை. அடுப்புக்கு மேல்தகடு அடிக்கும் பிரிவில் அவள் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். பொட்டலம் கட்டும் இடத்தில் சேர்ந்து, தரம் பார்க்கும் மேசைக்குப் போய், பதினோரு வருஷத்தில் அந்த நாற்காலிக்கு வந்தாள். அதற்கு மேலே ஏறணும் என்றால் எம்.பி.ஏ. இருக்கணும் என்று மேனேஜர் ஒருநாள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு அவள் நிம்மதி போயிற்று.

வேலை பார்ப்பவர்களுக்கான படிப்பு, மூன்று வருஷம், சனி ஞாயிறு வகுப்பு. அழகாகச் சொல்லிவிடுகிறார்கள். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் பாடப்புத்தகம் பிடித்தவர்களைக் கேட்டால்தான் தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் சாப்பாடு ஆறிக்கிடக்கும், அவள் சந்தை ஆய்வு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருப்பாள். கல்யாணப் பேச்சு எடுத்து வந்த சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பினாள். வீட்டில் அவளும் தம்பியும் மட்டும்தான். சமையல், துணி, கடை எல்லாம் தம்பி தலையில். அவன் முணுமுணுக்காமல் செய்தான். அவனுக்கு மூன்றாம் நம்பர் ப்ரெஸ்ஸில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

அந்த ப்ரெஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இரும்பு. முன்பக்கம் ஒருவர் தட்டையான தகட்டை உள்ளே தள்ளி, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அமுக்க வேண்டும். மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடி. பின்பக்கம் நிற்பவர் கையை உள்ளே விட்டு, அடித்த தகட்டை உருவி எடுப்பார். தம்பிக்கு அந்த இடம்தான். முன்னால் நிற்பவருக்குப் பின்னால் நிற்பவர் கண்ணில் படமாட்டார், நடுவில் அந்த இரும்புமலை. பின்பக்கத்தில் பட்டனும் கிடையாது, தடுப்பும் கிடையாது. அதனால் தகட்டை எடுத்துக் கையை வெளியே இழுத்ததும் பின்னால் இருப்பவர் எந்திரத்தின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் முன்னால் பட்டன். இதை யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. கைமாற்றிக் கைமாற்றி வந்த பழக்கம்.

கடைசிப் பருவத்து ப்ராஜெக்டுக்கு, வேலையிடத்தில் வீணாகும் நேரத்தைக் கண்டுபிடித்துக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். கையில் ஒரு படிவம், அதில் மூன்று கட்டம்: வேலை, நகர்வு, வீண். ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு அவள் மூன்றாம் நம்பர் ப்ரெஸ் முன்னால் ஆறு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். தகடு அடித்த பிறகு பட்டன் ஆள் சும்மா நிற்கிறார். தட்டும் சத்தம் வரும்வரை நாலு செகண்டு. ஒரு ஷிஃப்ட்டுக்குத் தொள்ளாயிரம் அடி, அப்படியென்றால் ஒரு மணி நேரம் அம்போ. அதைக் கொண்டுபோய் மூன்றாவது கட்டத்தில் போட்டாள். பத்தே தகடு அடிக்கும் நேரம் அந்தப் பக்கம் போய் நின்றிருந்தால் போதும், தட்டு எதற்கு என்று தெரிந்திருக்கும். அந்தப் படிவத்தில் பின்பக்கம் போய் நிற்பதற்குக் கட்டம் இல்லை, அவளும் போகவில்லை.

பேராசிரியர் அந்தக் கட்டுரையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மேனேஜர் அதைவிட ஒரு படி மேலே போய், அவள் பெயரோடு அட்டவணையை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். தட்டு நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக எந்திரத்தின் உச்சியில் ஒரு பச்சை பல்பு. குறிப்பிட்ட செகண்டுக்கு ஒருமுறை எரியும், எரிந்தால் அமுக்கவேண்டியது. பட்டன் ஆளுக்குத் தாடி என்று பெயர், தாடியை எடுத்துப் பத்து வருஷம் ஆகியும் பெயர் போகவில்லை. அவர் வந்து, அது சும்மா தட்டுவது இல்லை என்று சொல்லிப் பார்த்தார். படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன் என்று அவள் வெடுக்கென்று சொல்லி அனுப்பினாள். அன்றைக்கே அவளுக்கு 'நாலு செகண்டு' என்று பட்டப்பெயர் விழுந்தது. தம்பி மட்டும் வீட்டில், சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, ஒரே ஒரு நாள் பின்னாடி வந்து நின்னு பாரேன்."

பரீட்சை முடியட்டும், வருகிறேன் என்றாள்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு தகடு அச்சில் ஒட்டிக்கொண்டது. தம்பி நெம்பி எடுத்தான். தகட்டின் பிசிறு கையுறையில் மாட்டியது. அவன் இழுத்தான், பல்பு எரிந்தது, தாடி அமுக்கினார்.

அலறல் அவள் மேசை வரைக்கும் கேட்டது. ஓடிப் போனபோது அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். கை மணிக்கட்டு வரைக்கும் எந்திரத்துக்குள் இருந்தது, அதனால் விழ முடியவில்லை. தாடி அச்சை மேலே ஏற்றினார். உள்ளே கை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தகட்டின் வளைவிலெல்லாம் ரத்தம் தேங்கி நின்றது. அவள் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவன் முழங்கைக்குக் கீழே சுற்றி, காலால் உதைத்து இறுக்கினாள். அவன் கத்துவதை நிறுத்தி, பல் கிட்டிப்போய், அவள் தோளில் கடித்தான். சட்டையோடு சதையும் போயிற்று. அவளுக்கு அது வலிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே மேனேஜர் வந்துவிட்டார், காகிதத்தோடு. விபத்து அறிக்கையில் மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டுமாம். தொழிலாளி பாதுகாப்பு முறையை மீறிக் கையை உள்ளே வைத்ததே காரணம் என்று அச்சடித்தே கொண்டுவந்திருந்தார். அப்படி எழுதினால் ஒற்றைக் கையோடு தம்பி வெளியே. வேலையும் இல்லை, வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பும் இல்லை. மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்று மேனேஜர் மெதுவாக விளக்கினார். சனிக்கிழமை தேர்வாளர்கள் ப்ரெஸ்ஸையே நேரில் பார்க்க வருகிறார்கள். ப்ராஜெக்டால்தான் விபத்து என்றால் ப்ராஜெக்ட் போயிற்று, பட்டம் போயிற்று, மூன்று வருஷமும் போயிற்று.

அவள் கையெழுத்துப் போட்டாள். தம்பியின் ரத்தம் காயாத விரலாலேயே பேனாவைப் பிடித்துப் போட்டாள். இதை எப்படிச் சொன்னாலும் நல்லவிதமாகச் சொல்ல வழியில்லை. படிப்பு அவளை அப்படித் தின்றிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் உள்ளே நுழைந்தபோது நோட்டீஸ் போர்டு தரையில் சுக்குநூறாகக் கிடந்தது. கையில் ஸ்பானரோடு தாடி நின்றார். கையெழுத்துச் செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. அவள் கழுத்துப்பட்டையைப் பிடித்துக் கருவி அறைக்குள் இழுத்துப்போய், இரும்பு அலமாரியில் அவள் முதுகு மோதும்படி தள்ளினார். பிறகு அறைந்தார். உதடு கிழிந்தது. அவள் சும்மா வாங்கிக்கொள்ளும் ஜென்மமா. கைக்குக் கிடைத்த இரும்பு அளவுகோலை எடுத்து அவர் நெற்றியில் ஒரே போடு போட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார்கள், போல்ட் டப்பாக்கள் மேலே கொட்டின. அவர் இரண்டு கைகளும் அவள் கழுத்தில் இறுகின. அந்த நிலையிலேயே அவர் அழ ஆரம்பித்தார்.

"நான் அமுக்கினேன் மேடம். இந்த ரெண்டு கையாலதான் அமுக்கினேன். தட்டு சத்தம் கேக்கலைன்னு எனக்குத் தெரியும். பல்பு எரிஞ்சுது, அமுக்கிட்டேன்."

கையை எடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நெற்றி ரத்தம் கண்ணில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அப்போதுதான் தோள் வலிக்க ஆரம்பித்தது. வெகுநேரம் கழித்து, நாளைக்கு ப்ரெஸ் ஓட்ட வருவீர்களா என்று கேட்டாள். அந்த எந்திரத்தைத் தொடமாட்டேன் என்றார். பட்டன் மேல் கை வைத்தால் போதும், அமுக்குவதும் அமுக்காததும் உங்கள் இஷ்டம் என்றாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார், வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை ப்ரெஸ் பளபளவென்று இருந்தது. ரத்தம் பட்ட இடத்துக்கெல்லாம் புதுப் பெயின்ட். பேராசிரியரும், வெளியிலிருந்து வந்த தேர்வாளரான ஓர் அம்மாவும் காதடைப்பு மாட்டாமல் நின்றார்கள். மேனேஜர் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பது போலக் குழைந்தார். அவள் தையல் போட்டு வீங்கிய உதட்டோடு அட்டவணையை விளக்கினாள். உதட்டுக்கு என்ன என்று பேராசிரியர் கேட்டதற்கு, வேலையிடத்தில் இதெல்லாம் சகஜம் என்றாள். ஒரு மணி நேர மிச்சத்தைக் கேட்டு அவர் தலையாட்டினார். பின்னால் நிற்கும் ஆள் விடுப்பில் இருப்பதாக அவள் சொன்னாள். மேனேஜரே இருபது வருஷம் இந்த எந்திரங்களோடு இருந்தவர், அவரே இரண்டு தகடு எடுத்துக் காட்டுவார் என்றாள். இரண்டு விருந்தாளிகள் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டார். எல்லாரும் பின்பக்கம் போனார்கள்.

பல்பு எரிந்தது, அச்சு இறங்கியது, தரை அதிர்ந்தது. முதல் தகட்டை மேனேஜர் சுளுவாக உருவி எடுத்துச் சிரித்தார். பேராசிரியர் கைதட்டினார். மறுபடி அடி. இரண்டாவது தகட்டுக்கு அவர் கையை உள்ளே விட்டதும் அவள் அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். தன் இரண்டு கையாலும், எந்திரத்தின் வாய்க்குள்ளேயே அழுத்திப் பிடித்தாள். அவள் கையும் அச்சுக்குக் கீழேதான் இருந்தது.

மேனேஜருக்கு முதலில் விளங்கவில்லை. இழுத்தார், வரவில்லை. முழங்காலால் அவள் வயிற்றில் இடித்தார், அவள் விடவில்லை. அவருக்கு முகம் வெளுத்தது. எந்திரத்துக்கு அந்தப் பக்கம் தாடியின் கை பட்டன் மேல் இருக்கிறது என்பது மட்டும்தான் அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. பச்சை பல்பு எரிந்தது.

மேனேஜர் இடது கையால் எந்திரத்தைத் தட்டினார். இரண்டு தட்டு இல்லை, இருபது முப்பது. உள்ளங்கை கிழியும் அளவுக்கு அறைந்தார்.

"அமுக்காதடா. நான் இன்னும் கையை எடுத்துட்டுத் தட்டலைடா. தட்டாம எப்படிடா அமுக்குவ?"

அச்சு இறங்கவில்லை. பல்பு அணைந்தது. தாடி அமுக்கியிருப்பாரா என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவள் கையை விட்டாள். மேனேஜர் விடுபட்ட வேகத்தில் அவள் முகத்தில் ஓங்கிக் குத்தினார், உதட்டுத் தையல் பிரிந்தது. அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேராசிரியரைப் பார்த்தாள்.

"இவர் தட்டினதை எந்தக் கட்டத்துல போடணும் சார்? நான் வீண்ல போட்டிருந்தேன். வியாழக்கிழமை அதுக்கு என் தம்பி கை போச்சு."

பேராசிரியருக்கு வாயில் ஈ போவது தெரியவில்லை. அந்த அம்மாதான் சுதாரித்துக்கொண்டு, விபத்து அறிக்கை எங்கே என்று கேட்டார். அவள் எழுதி வைத்திருந்த புது அறிக்கையை எடுத்து நீட்டினாள். தட்டு என்ற பாதுகாப்புப் பழக்கத்தை என் பரிந்துரையின்பேரில் நிர்வாகம் நிறுத்தியது, தொழிலாளி மேல் குற்றமில்லை, முந்தைய கையெழுத்து நான் பயந்து போட்ட பொய் என்று இருந்தது. மேனேஜர் கத்தியதை என் காதால் கேட்டேன் என்று அந்த அம்மா கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேராசிரியரையும் போடவைத்தார். அதற்குள் காவலாளிகள் வந்து அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். செவிட்டில் குறிப்பு அட்டையால் அடி வாங்கினானே, அவன்தான் ஓடிவந்து கீழே விழுந்த அவள் செருப்பை எடுத்துக் கொடுத்தான்.

அடுத்த வாரத்தில் எல்லாம் கடிதமாக வந்தது. அவளுக்கு வேலை போயிற்று. உயிருக்கு ஆபத்து விளைவித்ததாகப் பல்கலைக்கழகம் அவள் பெயரை அடித்துவிட்டது. போலீஸ் வழக்கும் உண்டு. தம்பியின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது, வேறு வேலை கொடுப்பதாகவும் எழுத்தில் கொடுத்தது. ப்ரெஸ்ஸின் பின்பக்கத்துக்கு இரும்புத் தடுப்பு வந்ததாகத் தாடி வந்து சொன்னார்.

கடிதங்களை எடுத்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தம்பி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள், தன்னுடையதையும் சேர்த்து. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடித்ததும் அவள் பக்கம் திரும்பினான்.

"அப்போ உன் படிப்பு போச்சா?"

"போச்சுடா."

"சரிக்குச் சரியாப் போச்சுன்னு மனசுல நினைச்சுக்காத அக்கா. ஆகாது."

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கொண்டுவந்திருந்த சாப்பாட்டைத் திறந்து, பிசைந்து, ஒரு வாய் எடுத்து நீட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் கையைக் கீழே இறக்கவும் இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.