சிவிலியன் லூர்துவின் இடமாற்றச் செலவு

வலது தோள் வலிக்கிறது. பீரோ தூக்கிய வலி. பீரோ இன்னும் லாரியை விட்டு இறங்கவில்லை. அதனால் வலியும் இறங்கவில்லை.

நான் ராணுவக் கிடங்கில் லோடுமேன். ராணுவக்காரன் இல்லை, சிவிலியன். திருச்சியிலிருந்து வடக்கே பாலைவனத்துப் பக்கம் மாற்றல் போட்டார்கள். நான் ரயிலில் வந்துவிட்டேன். சாமான்கள் லாரியில் வந்தன. என் மனைவி சலேத்தும் சாமான்களோடு வந்தாள்.

லாரி நிற்கவில்லை. இடமாற்றச் செலவை வரிப் பிரிவு வரியில் கழித்துக் கொடுத்தால்தான் இடமாற்றம் முடிந்ததாக அர்த்தம். முடியாத இடமாற்றத்தில் லாரி நிற்கக் கூடாது. அது பரேடு மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சலேத்துக்கு நிறைமாதம்.

காலையில் லாரிக்குப் பின்னால் ஓடினேன். அவள் பீரோவில் சாய்ந்தபடி ஸ்டவ்வில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். லாரியின் மறுபாதிக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு வந்திருந்தது. பின்கதவில் கோலம் போட்டிருந்தார்கள்.

"ஏங்க, இன்னிக்காவது முடியுமா?"

"முடிச்சிருவேன்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க. இடுப்பு விட்டு விட்டு வலிக்குது. இங்கயே பெத்துட்டா?"

"பெத்துடாத. லாரியில பொறந்தா சாமான்ல சேத்துருவாங்களாம்."

"அத எங்கிட்ட சொல்லாதீங்க. வயித்துக்குள்ள இருக்குறதுகிட்டச் சொல்லுங்க."

டிரைவர் காத்தவராயன் தலையை வெளியே நீட்டினான். "அண்ணே, வளைவு வருது. ஒதுங்குங்க."

ஒதுங்கினேன். ஒரு தோசையை வீசினாள். பிடித்துக்கொண்டேன்.

வரிப் பிரிவு ஒரு தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. நடந்தேன். நடுவில் விஜயவாடா வந்தது. டீ குடித்தேன். மறுபடி நடந்தேன்.

அதிகாரி அச்சுதானந்தம் தயிர்ச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேசை இழுப்பறையில் பிசைந்து வைத்திருந்தார். எனக்கு முன்னால் ஒரு சிப்பாய் நின்றார்.

"வந்துட்டேன்," என்றார் சிப்பாய்.

அதிகாரி தலையாட்டினார். சிப்பாய் தன் வீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

"நானும் வந்துட்டேன் சார்," என்றேன்.

"நீ சிவிலியன். நீ வந்தா மட்டும் பத்தாது. செலவழிச்சு வரணும்."

லாரி வாடகை ரசீதைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"பீரோவ லாரியில ஏத்துன கூலிக்கு?"

"கூலி இல்ல சார். நானும் இருளப்பனும் ஏத்துனோம். கூட வேல பாக்குறவன். எங்களுக்குள்ள கூலி கெடையாது. இன்னிக்கு அவன் எனக்குத் தோள் குடுப்பான். நாளைக்கு நான் அவனுக்கு."

அவர் விரலை நக்கினார். "அப்ப காசே குடுக்கல."

"குடுத்தா அவன் அடிப்பான் சார்."

"காசு குடுக்காம ஏத்துன பீரோ ஏறவே இல்ல."

ஜன்னலுக்கு வெளியே லாரி வந்தது. பீரோ இல்லை. அதில் சாய்ந்திருந்த சலேத் மல்லாக்க விழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். லாரி போய்விட்டது.

"கட்டில்?"

"அதுவும் இருளப்பன்தான்."

அடுத்த சுற்றில் கட்டில் இல்லை. அதற்கடுத்த சுற்றில் அரிசி டிரம் இல்லை. சலேத் லாரியின் நடுவில் நின்றாள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பக்கத்துக் குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டது.

"உன் சம்சாரம்?" என்றார் அதிகாரி. "அந்தம்மா எப்படி ஏறுனாங்க?"

ஜன்னலைப் பார்த்தேன். லாரி உயரம். அவளுக்கும் இருளப்பன்தான் கை கொடுத்து ஏற்றிவிட்டான்.

"ஒன்னத்தான் கேக்குறேன்."

"செலவு இருக்கு சார்," என்றேன்.

"என்ன செலவு?"

"தோள். வலிக்குது."

எழுந்து வந்தார். கட்டைவிரலால் அழுத்தினார். கத்தினேன். அவர் முகம் தெளிந்தது.

"அசல் செலவு. இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நாலு பேரு நேரத்த வீணாக்குற."

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

தோளைக் கழித்துக்கொண்டார். சத்தம் வரவில்லை. தயிர்ச்சாதத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டு இழுப்பறைக்குள் வைத்து மூடினார். எனக்குக் கை இருந்தது. விரல்கள் அசைந்தன. கழுத்துக்கும் கைக்கும் நடுவில் சட்டை மட்டும் இருந்தது.

வலி இல்லை.

வெளியே லாரி நின்றது. பீரோ அதன் இடத்தில் இருந்தது. சலேத் தானே இறங்கினாள். குவார்ட்டர்ஸ் வாசல்வரை நடந்தாள். உள்ளே போனதும் தரையில் படுத்துப் பெற்றாள். பெண் குழந்தை. சாமான் இல்லை.

"தூக்குங்க," என்றாள்.

இடது கையால் தூக்கினேன்.

"வலி போயிருச்சா?"

"போயிருச்சு."

என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பக்கம் பிடிச்சுத் தைக்கணும். தொங்குது."

கதவைத் தட்டினார்கள். திறந்தேன். வெளியே எங்கள் பழைய திருச்சித் தெரு இருந்தது. இருளப்பன் நின்றான். அவனுக்குப் பின்னால் அவன் பீரோ நின்றது. என்னுடையதைவிடப் பெரியது. கண்ணாடி வைத்தது.

"மாப்ள, எனக்கும் ஆர்டர் வந்துருச்சு."

"எங்க?"

"இங்கதான். ஒம் பக்கத்து வீடு. இவ்ளோ தூரம்னு ஒருத்தனும் சொல்லல."

சிரித்தான். தன் துண்டை மடித்து எனக்குச் சும்மாடு கட்டினான். வலது தோள் பக்கம் வைத்தான். நான் எப்போதும் வலது பக்கம்தான் தூக்குவேன், அது அவனுக்குத் தெரியும். துண்டு கீழே விழுந்தது. எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி வைத்தான். விழுந்தது.

"காத்து," என்றான்.

காற்று இல்லை.

"பொழுது சாயறதுக்குள்ள ஏத்திரலாம் மாப்ள. நீ மேல் பக்கம் புடி. நான் அடிய எடுத்துக்கறேன்."

போய்க் குனிந்தான். அடியைப் பிடித்துக்கொண்டான். "ம்," என்றான், நான் மறுபக்கம் நிற்கிறேன் என்று நினைத்து.

குழந்தை என் இடது கையில் இருந்தது. பீரோக் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தேன்.

"ம்," என்றான் மறுபடி.

இருளப்பனுக்கு ஒரு பீரோ தூக்கித் தர வேண்டியிருக்கிறது.