மூன்றாம் கவுண்டரை அணைக்காதீர்கள்

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் லாக் ஃபைல் சர்வர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நடைக்கு வந்தது. சாம்பல் நிறம், தொட்டால் லேசான சூடு. குடை வைக்க இடமில்லை என்று மட்டும் ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். இது ஏன் இவ்வளவு பெருத்தது என்று மேலாளருக்குத்தான் சந்தேகம். கம்ப்யூட்டரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் லாக் எழுதிக்கொள்ளும், பேக்கப் எடுத்ததும் பழையதை வெட்டிவிடலாம், அதற்குத்தானே சர்வர்காரனுக்குச் சம்பளம் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் வெட்டாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார் என்றும் சொல்லிவிட்டார்.

சர்வர்காரன் ஒரு நாள் தவறாமல் பேக்கப் எடுப்பவன். லாக்தான் சுருங்கவில்லை. ஏழு வருடமாகப் புதுப்புது டிஸ்க்காகப் போட்டு ஒப்பேற்றியிருந்தான். யாரோ ஒரு பதிவைத் தொடங்கிவிட்டு, சேமிக்காமலும் ரத்து செய்யாமலும் விட்டிருந்தால், அதற்குப் பின்னால் வந்த எதையும் வெட்ட முடியாது. யார் அந்த ஆள் என்று மேசை மேசையாக நோட்டம் விட்டவனின் கண் மூன்றாம் கவுண்டரில் நின்றது. அங்கே இருப்பவள் அவன் மனைவி. அவள் தன் கம்ப்யூட்டரை அணைத்து யாரும் பார்த்ததில்லை. அதன்மேல் "அணைக்காதீர்கள்" என்று ஓர் அட்டை, கீழே அவளே வாங்கி வைத்த பேட்டரி. லீவு நாளிலும் கவுண்டர் சாவி அவள் கைப்பையில்தான் இருக்கும். இத்தனை நாள் உறுத்தாதது இப்போது முள்ளாய்க் குத்தியது. அந்தச் சேமிக்காத பதிவுக்குள் யாருக்கோ கடிதம் எழுதி ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டான். கண்டுபிடிக்க ஒரு கட்டளை போதும். அதை அடிக்கப் பயந்து, வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் அடித்தான். பாதியில் நின்ற இறப்புப் பதிவு. ஏழு வருடப் பழையது. பெயர், அவனுடையது. சர்வர் அறையில் ஷாக் அடித்து, மயங்கி எழுந்ததாக அவன் நினைத்துக்கொண்டிருந்த மதியம் அது. பின்னால் மனைவி வந்து நின்றிருந்தாள்.

"டாக்டர் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, எழுதிக்கம்மான்னுட்டாரு. என் கவுண்டர், நான்தானே எழுதணும். பேரு அடிச்சேன், நேரம் அடிச்சேன். சேமிக்கிறதுக்குக் கை வரல. திரும்பினா நீங்க எழுந்து உக்காந்து தண்ணி கேக்குறீங்க."

"அப்பவே ரத்து பண்ணியிருக்கலாமே?"

"ரத்து பண்ணா தொடங்குன எடத்துக்கே போயிடும்னு நீங்கதானே கிளாஸ் எடுத்தீங்க. அந்த எடத்துல நீங்க தரையில கெடந்தீங்க."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் மகளுக்கு ஐந்து வயது; தொடங்கிய இடத்தில் அவள் இல்லை.

வெள்ளிக்கிழமை மேலாளர் அந்தப் பதிவை இரண்டு முறை படித்தார். சர்வர்காரனின் நாடியைப் பார்த்தார். அதையும் நம்பாமல் மறு கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு லாக்குக்கு இடம் விட நடைச் சுவரை இடிக்க உத்தரவு போட்டு, மூன்றாம் கவுண்டர் அட்டையில் முத்திரை குத்தினார்.

லாக் இப்போது வளர்ந்து இரண்டாம் மாடியை எட்டியிருக்கிறது. மின்சாரம் போனால் அலுவலகம் மொத்தமும் மூன்றாம் கவுண்டரைத் திரும்பிப் பார்க்கும். திரையில் வெளிச்சம் இருக்கும். சர்வர்காரன் தண்ணீர் கேட்பான், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார்.