ராமலிங்கத்துக்குப் பின்னால் நின்றவர்

1

ஒரு போட்டோவில் மங்கலாக நின்ற ஆளைக் காட்டி, ‘இது யாரு?’ என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு எழுதுவதுதான் இது. முதல் வரியை நான்கு முறை மாற்றிவிட்டேன். ‘நெய்வேலியில் அன்று காலை வெயில்...’ வேண்டாம். ‘வினோலியா திறமைசாலி, அதனால்தான்...’ இதுவும் வேண்டாம். ஆனால் உண்மை.

2014 மார்ச். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் எடுத்திருந்த ஒருவர், விபத்தில்லாமல் வேலை பார்த்ததற்காக ராமலிங்கம் என்ற தொழிலாளிக்குப் பரிசு கொடுத்தார். படமெடுக்க டவுன்ஷிப்பில் ஸ்டுடியோ வைத்திருந்த வினோலியாவைக் கூப்பிட்டார்கள். அவள் புது லென்ஸ் வாங்கியிருந்தாள். அதன் துவாரத்தை முழுக்கத் திறந்து, ராமலிங்கத்தின் கண்ணில் ஃபோகஸ் வைத்தாள். முகம் பளிச்சென்று விழுந்தது. பின்னால் இருந்த ஷெட், கம்பி, ஆட்கள் எல்லாமே பஞ்சு மாதிரி மங்கிக் கரைந்துபோயின. அவ்வளவு அழகான படம் அவள் அதுவரை எடுத்ததில்லை.

கரைந்தவர்களில் ஒருவர் சின்னதுரை. படமெடுத்த அரை மணி நேரத்தில் மேலிருந்து விழுந்த இரும்பு அவர் தலையில் அடித்தது.

2

மூன்றாம் நாள் அவர் மனைவி கண்ணகி கம்மாபுரத்திலிருந்து ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

“பேச்சு மூச்சில்லாம ஆஸ்பத்திரில கெடக்குறாருங்க. ஹெல்மெட்டு போடல, அவரு தப்புதான்னு சொல்லிக்கினு இருக்காங்க. உங்க போட்டோல பின்னாடி நிக்கிறாராம். பாத்து சொல்லுங்க.”

வினோலியா படத்தைப் பெரிதாக்கினாள். நீலச் சட்டைக்கு மேல் ஒரு மஞ்சள் வட்டம். ஹெல்மெட்டாக இருக்கலாம். ஷெட்டில் மஞ்சள் டிரம்களும் அடுக்கியிருந்தன.

“தெளிவா ஆக்க முடியாதுங்களா?”

“எடுக்கும்போதே மங்கிப்போச்சுங்க. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.”

“நீங்க அங்கதான நின்னுக்கினு இருந்தீங்க? கண்ணால பாத்திருப்பீங்களே?”

வினோலியா பார்க்கவில்லை.

[இங்கே அவளுக்கு ஒரு ஞாபகத்தைக் கொடுக்க நினைத்து இரண்டு பாரா எழுதி, அடித்துவிட்டேன். சின்னதுரையின் முகம் எனக்கும் தெரியாது.]

3

மறுநாள் கணவன் ஆனந்த்ராஜைக் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் நிறுத்தினாள். அதே தூரம், அதே லென்ஸ். ஹெல்மெட்டோடு பத்துப் படம், இல்லாமல் பத்துப் படம். ஹெல்மெட் போட்ட தலை அச்சு அசலாக அதே மஞ்சள் வட்டம்.

“அப்புறம் என்ன? போட்டிருந்தாருன்னு எழுதிக் குடுத்துடு.”

“இருங்க.” மதில்மேல் ஒரு மஞ்சள் குடத்தை வைத்து, அவனை அதற்கு முன்னால் வெறுந்தலையோடு நிற்க வைத்தாள். மஞ்சளுக்குக் கீழே அவன் முடியின் கறுப்பு லேசாகத் தெரிந்தது. ராமலிங்கத்தின் படத்தை மறுபடி திறந்தாள். ஒரு முறை பார்த்தால் அந்தக் கறுப்பு இருந்தது. இன்னொரு முறை இல்லை.

(ஒரு முடிவில் சின்னதுரை கண் விழித்துத் தானே சொல்லிவிடுகிறார். எழுதும்போது எனக்கு மூச்சு வந்தது. ஆனால் விசாரணை திங்கட்கிழமை. அதுவரை அவர் விழிக்கவில்லை.)

4

விபத்தை விசாரித்த அதிகாரி மைதானத்துப் படங்களை ஒதுக்கி வைத்தார். “இது வேற எடம், வேற ஆளு. ஹெல்மெட்டுனு உறுதியாத் தெரிஞ்சா எழுதுங்கம்மா. தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. ரெண்டுல ஒண்ணு.”

வினோலியா பேனாவை எடுத்தாள். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்ணகி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வினோலியா தாளின் அடியில் முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். அதற்கு மேலே முழுப் பக்கமும் காலி.

அதில் நான் ‘ஆமாம்’ என்று எழுதினேன். பொய் சொன்ன மாதிரி இருந்தது. ‘தெரியாது’ என்று எழுதினேன். இரும்பை நானே போட்ட மாதிரி இருந்தது. இரண்டையும் அடித்தாகிவிட்டது.

அவள் பார்த்ததையெல்லாம் நீங்களும் பார்த்துவிட்டீர்கள். எழுதுங்கள். கண்ணகி காத்திருக்கிறாள்.