நெடுந்தீவுக் கிளை எழும்பிய விதம்

நெடுந்தீவிலுள்ள வங்கிக் கிளை, கொழும்பில் அந்த வங்கியின் பங்கு விலை ஏறினால் தரையை விட்டு எழும்பும். விலை இறங்கினால் மண்ணுக்குள் புதையும். நாட்டில் டொலர் இல்லாமற்போன காலத்தில், கொடுத்த கடன்கள் திரும்பி வராமல் பங்கு சரிய, கட்டடம் யன்னல் மட்டத்துக்குத் தாழ்ந்தது. சனம் யன்னலால் இறங்கி அலுவலை முடித்துக்கொண்டு போனது. ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு வாராக் கடன் குறைந்தது. வங்கி கைத்தொலைபேசிக்கு ஒரு செயலியும் வெளியிட, முதலீட்டாளர்கள் மயங்கிப்போனார்கள். பங்கு விறுவிறென்று ஏறியது. கிளையும் ஏறி ஓர் ஆள் உயரத்தில் நின்றது. பொறுப்பதிகாரியான மேரிஜோசப்பின் என்ற பெண் ஏணி வைத்து வேலைக்குப் போனார். செயலி இருக்கும்போது கிளை எதற்கு, ஆட்கள் வராவிட்டால் மூடிவிடுவோம் என்றது தலைமை அலுவலகம்.

மாடு வளர்க்கும் சின்னாச்சியை அந்தச் செயலிக்குப் பிடிக்கவில்லை. பால் கறந்து தேய்ந்த அவருடைய பெருவிரலில் செயலி கேட்ட ரேகை இல்லை. மேரிஜோசப்பினுக்கோ முகம் போதும். கிளை மூடப்பட்டால் மாதாமாதம் காசு எடுக்கக் கடல் கடந்து குறிகட்டுவான் துறைக்கும் அப்பால் போகவேண்டும். போன சோளகக் காற்றுக் காலத்தில் வள்ளத்தில் விழுந்து இடுப்பை முறித்தவர் சின்னாச்சி. இனிப் போவதில்லை என்று தீர்மானித்திருந்தார்.

மீனவர் சந்தியோகு நான்கு மூலையிலும் நங்கூரக் கயிறு போட்டுக் கிளையை வள்ளம்போலக் கட்டினார். மறுநாள் விலை மேலும் ஏற, சுவர்தான் வெடித்தது.

"கட்டிப்போட ஏலாது, சந்தியோகு," என்றார் சின்னாச்சி. "நாங்கள்தான் ஏறவேணும். கல்லுக்கு என்ன பஞ்சம்?"

அந்தத் தீவில் வேலி என்றால் சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல், கடல் பவளக் கல். வீட்டுக்கு ஒரு பக்க வேலியைப் பிரித்துப் படிக்கட்டு அடுக்கினார்கள். மாடுகள் கண்டபடி தோட்டங்களில் மேய்ந்தன, சண்டையும் வந்தது. விலை ஏறிய ஒவ்வொரு காலையிலும் இன்னொரு வரிசைக் கல் வைத்தார்கள். பனை உயரத்தில் சின்னாச்சி இடுப்பைப் பிடித்தபடி கதவைத் தட்டினார். பின்னால் ஊரே நின்றது.

"வாங்கோ அக்கா, இருங்கோ," என்று கதிரையை இழுத்துப்போட்ட மேரிஜோசப்பின் அழுதுவிட்டார், அதை மறைக்கவும் இல்லை. மூடும் பேச்சைத் தலைமை அலுவலகம் அத்தோடு விட்டது.

போன கிழமை செயலி நாள் முழுக்க வேலை செய்யவில்லை. பங்கு சரிய, கிளை மெல்ல இறங்கித் தரையில் இருந்தது. படிக்கட்டு மட்டும் வெறும் வானத்தில் முடிந்தது. சிலர் வேலிக் கல்லைத் திருப்பிக் கேட்டார்கள்.

"விலை ஏறும்தானே, பொறுங்கோ," என்ற சின்னாச்சி, கையிலிருந்த கல்லைக் கொண்டுபோய் உச்சிப் படியில் பொருத்தினார். பிறகு அத்தனை படியும் இறங்கி, தரையிலிருந்த கதவால் வங்கிக்குள் போனார்.