பிறக்காதவர் நாற்காலி

வட்டாரத் திட்ட அலுவலகத்துக்கு எதிர்காலத்தைப் பற்றிய கவலை கொஞ்சநஞ்சமல்ல. ஐம்பது வருஷம் கழித்து ஆறு ஊருக்குள் வந்துவிடுமா, இல்லை வறண்டே போய்விடுமா, பிழைக்க ஆட்கள் வந்து குவிவார்களா, இருக்கிறவர்களும் மூட்டை கட்டுவார்களா என்று தலையைப் பிய்த்துக்கொள்வதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. வரைபடம் வரைகிற ஸ்கேல் அக்காவின் கவலை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

அது உடைந்து பல வருஷமாகிறது. உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டுமே என்று அக்கா பாடுவாள். குரலோ கர்ண கடூரம். மாடி முழுக்கக் கேட்கும், மழைக்காலத்தில் அடிக்கடி கேட்கும். வந்த இயக்குநர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் “பாக்கலாம்மா” என்றார்கள். ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை.

அன்று ஐம்பதாண்டுத் திட்டக் கூட்டம். புது இயக்குநர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலியைப் போட்டார்.

“இது இன்னும் பொறக்காதவங்க நாற்காலி. இதுல ஒருத்தர் உக்காந்து, ஐம்பது வருஷம் கழிச்சு வாழப்போறவங்களா பேசணும். அவங்க கேக்கறத நாம மறுக்கவே கூடாது.”

கணக்கர் சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். மற்றவர்கள் விட்டத்தைப் பார்த்தார்கள். அக்கா எழுந்துபோய் ஜம்மென்று உட்கார்ந்தாள்.

“எதிர்கால மக்களே, உங்களுக்கு என்ன வேணும்?” இயக்குநர் கைகட்டிக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் இவ்வளவு பணிவாக எதையும் கேட்டதில்லை.

“பொம்பளைங்க கழிப்பறைக்கு ஒரு தாழ்ப்பாள்.”

மறுக்கக் கூடாதே! இயக்குநர் திட்டத்தில் எழுதிக்கொண்டார்: மூன்றாம் கட்டம், நாற்பதாவது வருஷம்.

அக்காவுக்குப் பகீரென்றது. அதுவரை அவள் தொண்டையும் தாங்காது, ஊரார் காதும் தாங்காது. மெல்லக் கனைத்துக்கொண்டாள்.

“சார், எங்க காலத்துல உங்களுக்கு ஒரு சிலை இருக்கு.”

பேனா அப்படியே நின்றது. “சிலையா? எனக்கா?”

“அந்தக் கழிப்பறை வாசல்லயே. ‘கூட்டம் நடந்த அன்னிக்கே தாழ்ப்பாள் போட்ட மகான்’னு கீழ எழுதியிருக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைங்கள வரிசையா கூட்டிட்டு வந்து காட்டறாங்க.”

“இதுக்கு ஆதாரம்?” என்றார் கணக்கர்.

“நீங்க ஷூ கட்டிட்டிருந்தீங்கண்ணே. நான்தான் அங்க இருக்கேன்.”

டீ ஆறுவதற்குள் தச்சர் வந்துவிட்டார்.

அக்காதான் முதலில் உள்ளே போனாள். தாழ்ப்பாளைப் போட்டுக் கதவை இழுத்துப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. கண் கலங்கிவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தாள். என்ன ஒரு அமைதி! அந்த அலுவலகத்தில் யாருடைய எதிர்காலமும் இதுவரை இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. இயக்குநர் குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது.

“ஏம்மா... ஒரே ஒரு சந்தேகம். அந்தச் சிலை நின்ன மாதிரியா, உக்காந்த மாதிரியா?”

அக்கா ஒருமுறை தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டாள்.

“உக்காந்த மாதிரிதான் சார்.”