முன்சக்கரங்கள் சும்மா நின்ற நாள்

பட்டறையில் இருந்தவர்கள்: பட்டறைக்காரரான என் பெரியப்பா. அவர் மகளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட அத்தான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடும் எலக்ட்ரீசியன். உள்ளே அந்த மகள், என் அக்கா. இரவெல்லாம் கிடங்கைக் காவல் காத்துவிட்டு, தூங்கப் போகாமல் மாட்டிக்கொண்ட நான். நடுவில் ஒரு பழைய ஜீப்.

மலைமேல் கோபுரம் கட்டும் கம்பெனிக்குத் தினமும் ஆட்களை ஏற்றி இறக்க வேண்டும். மதியம் அதிகாரி வந்து, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் சேற்று மேட்டில் ஜீப்பை ஏற்றச் சொல்லிப் பார்ப்பார். ஏறினால் வேலை பெரியப்பாவுக்கு. ஏறாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். பல மாதமாக வேறு வண்டி எதுவும் உள்ளே வரவில்லை.

நாலு சக்கரமும் இழுக்கும்படி மாற்றினால் லீவர் ஒழுங்காக விழுந்தது. பச்சை விளக்கும் எரிந்தது. முன்சக்கரங்கள் மட்டும் சும்மா நின்றன. பின்சக்கரங்கள் எங்கள் மேல் சேற்றை வாரி இறைத்தன.

"ஒயரிங்தான்," என்றார் எலக்ட்ரீசியன். பல் வலித்தாலும் அவருக்கு அது ஒயரிங்தான்.

"விளக்குதான் எரியுதேண்ணே," என்றேன்.

"எரியுறதுலதான்டா எனக்குச் சந்தேகமே."

டாஷ்போர்டைப் பிரித்துக் குடலை உருவிப் போட்டார். பெரியப்பா முன்சக்கரங்களை அச்சோடு இணைக்க அவற்றின் நடுவில் இருக்கும் பூட்டைத் திருகினார், தட்டினார், மறுபடி திருகினார். வண்டிக்கு அடியில் மட்டும் யாரும் பார்க்கவில்லை. தரையெல்லாம் ஈரம். பெரியப்பா அதிகாரிக்காக இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். எலக்ட்ரீசியனைத் தொந்தி விடாது. எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

அதிகம் பேசியது அத்தான். "கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும் மாமா."

"இந்த வண்டியில ஏது மாப்ள கம்ப்யூட்டர்?"

"அதான் சொல்றேன். இல்லாததுதான் கோளாறு."

பெரியப்பா இதற்கும் தலையாட்டினார். வேகமாகப் போனால் ஜீப் உதறிக்கொண்டிருந்த காலத்தில், அத்தான் தனியாகப் பட்டறைக்குள் போய், ஒரே மதியத்தில் உதறலை நிறுத்திவிட்டார். சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் பெரியப்பா அதைச் சொல்லித் தீர்த்தார். அன்றிலிருந்து, குழாய் ஒழுகினாலும் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் அத்தானிடம்தான் யோசனை.

"ஜாக்கிக்குக் கீழ வைக்க ஒரு கட்டை கொண்டா," என்று பெரியப்பா உள்ளே குரல் கொடுத்தார்.

அக்கா இரண்டு கையாலும் ஒரு இரும்புத் தண்டைச் சுமந்துவந்து தொப்பென்று போட்டாள். "கட்டை கொல்லையில கிடக்கு. பின்கதவத் திறக்கணும்னா முதல்ல இத எடுக்கணும். தாழ்ப்பாள் உடைஞ்சதுலேருந்து கதவுக்கு இதான் முட்டு. எங்கயாவது போட்டுத் தொலைங்க."

தண்டின் இரண்டு முனையிலும் மூட்டு இருந்தது. கியர்பெட்டியிலிருந்து முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. எலக்ட்ரீசியன் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். பெரியப்பா இஸ்திரிச் சட்டையோடு சேற்றில் படுத்து அடியில் பார்த்தார். அது இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம்தான் இருந்தது.

"மாப்ள."

"உதறல் நின்னுச்சில்ல மாமா?"

"காலையிலேருந்து ஏன் வாயத் தொறக்கல?"

"நீங்களே கண்டுபிடிச்சிருவீங்கன்னு பாத்தேன்."

"இதோட போல்ட்டெல்லாம் எங்க?"

"அன்னிக்கே தூக்கி எறிஞ்சிட்டேன். வேண்டாததுதானேன்னு."

பட்டறையில் இருந்த எந்த போல்ட்டும் பொருந்தவில்லை. ஒயரால் கட்டிவிடலாமா என்று எலக்ட்ரீசியன் கேட்டார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி சொன்னபடி வந்தார். ஜீப் பாதி மேடு ஏறி, பின்னால் வழுக்கி வந்து நின்றது. அவர் தன் செருப்பில் ஒட்டிய சேற்றை எங்கள் படியிலேயே தேய்த்துவிட்டுக் கிளம்பினார்.

"விடுங்க மாமா, வேற கம்பெனி வராமலா போயிரும்," என்றார் அத்தான்.

பெரியப்பா சட்டைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அக்காதான் பின்கதவைத் திறந்துவிட்டாள். "போய் அந்த போல்ட்டத் தேடி எடுத்துட்டு வாங்க."

"எங்கேன்னு போய்த் தேடுறது?"

"எறிஞ்ச கைக்குத் தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் அவர் வெளியே காலை வைத்தார். அக்கா கதவைச் சாத்தினாள். முட்டுக்கொடுத்த தண்டு இனி ஜீப்புக்கு வேண்டும். பட்டறை வாசலில் தொங்கிய பெரிய பூட்டைக் கழற்றி வந்து, உள்பக்க வளையத்தில் மாட்டிப் பூட்டினாள்.