பொடி எழுத்தில் ஒரு ராஜா

அரச ரத்தத்தின் விலை முப்பது கறவை மாடு. வந்து சேர்ந்தது இருபத்தெட்டு. அதிலும் இரண்டு பால் வற்றியவை.

ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு புலவன் கன்றுத்தோலில் வம்சாவளி எழுதிப் பிழைத்தான். மக்ரிலி என்ற குடும்பத்தைப் பழைய ராஜா ஒருவரின் கொள்ளுப்பேரர்களாக்கிக் கொடுத்தவன், மாட்டுக் கணக்கு உதைத்ததும் பொறுக்கமாட்டாமல் பக்கத்தின் ஓரத்தில் புலம்பி வைத்துவிட்டான். பிற்பாடு யாரோ அதைச் சுரண்டி அழித்துவிட்டார்கள். டப்ளின் நூலகத்தில் ஊதா விளக்கை அடித்து, அந்தப் புலம்பலை எழுத்தெழுத்தாக மீட்டவள் நெஸா.

அதற்கு ஆறு வருஷம் ஆயிற்று. முனைவர் பட்டமும் கிடைத்தது, தடித்த கண்ணாடியும் கிடைத்தது. இன்னும் ஒரு வருஷம் டப்ளினில் தங்கினால் புத்தகத்தை முடித்துவிடலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் அத்லோன் ஊரில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் ஃபோன் எடுக்கும் வேலை. ஆர்டர்கூட வந்துவிட்டது.

பழைய ஐரிஷ் ஏடுகளைப் படிக்கும் கெல்டிக் ஆய்வில் இளம் அறிஞர்களுக்கென்று அந்த வருஷம் மிச்சமிருந்தது ஒரே ஒரு உதவித்தொகை. கொடுப்பவர் ஒஹாயோவில் கூரைத் தகடு விற்றுக் கோடி பார்த்த வேட் மக்ரிலி. தன் பாட்டன் ராஜா என்ற நம்பிக்கையில்தான் கொடுக்கிறார்.

தேர்வுக் குழுத் தலைவர் பேராசிரியர் டல்லி நெஸாவை நடையிலேயே மடக்கினார். எட்டாம் நூற்றாண்டில் தேனீ கொட்டினால் என்ன அபராதம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தன் சம்பளத்தை உயர்த்தக் கேட்க மட்டும் நாற்பது வருஷமாக வாய் வராதவர்.

"இந்தா பாரும்மா, அந்த ஊதா விளக்குப் பக்கத்த மட்டும் உள்ள எடுத்துட்டு வராத. மனுஷன் முத்திரை மோதிரம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார்."

"என் ஆராய்ச்சியே அந்தப் பக்கம்தானே, ப்ரொஃபசர்?"

"ஆராய்ச்சிய யாரு வேணாம்னா? பணம் வந்தப்புறம் பண்ணு."

நெஸா அந்தப் பக்கத்தின் படத்தைப் பைக்குள் தள்ளினாள். பேசாமல் இருந்துவிடுவது என்றுதான் உள்ளே போனாள்.

வழக்கப்படி டல்லி, மக்ரிலி, நெஸா மூன்று பேரும் முதலில் ஐரிஷ் மொழியில் நாலு வார்த்தை சொன்னார்கள். பிறகு, கோயிலிலிருந்து வந்து செருப்பை மாட்டிக்கொள்வதுபோல் நிம்மதியாக ஆங்கிலத்துக்குத் திரும்பினார்கள். இந்த உதவித்தொகை எத்தனை பெரிய கௌரவம் என்று டல்லி கால்மணி நேரம் விளக்கிவிட்டு, தொகையை இருமலோடு சேர்த்துச் சொன்னார்: வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் யூரோ.

இந்தத் துறையில் யாரும் அதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை. பார்ப்பது அநாகரிகம். வாழ்த்து வந்ததும் கண் கலங்கி, நன்றிக் கடிதம் எழுதி, மார்ச் மாதம் எந்த நண்பர் வீட்டு சோபா காலி என்று விசாரிப்பதுதான் அறிஞர்களுக்கு அழகு. ஆனால் நெஸா மேயோ மாவட்டத்து மாட்டுத் தரகர் மகள். அவள் அறைக்கு மாதம் ஆயிரத்து நூறு. கேட்ட மாத்திரத்தில் பெருக்கிவிட்டாள்.

"இது வாடகைக்கே காணாதுங்க."

டல்லி மேஜை விரிப்பைப் பார்த்தார். மக்ரிலிக்கு அது காதிலேயே விழவில்லை. "காசு கிடக்கட்டும்மா. எங்க ராஜாவக் காட்டு, பாப்போம்."

காசு கிடக்கட்டும் என்ற சொல்தான் சுட்டது. நெஸா படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இதோ. உங்க பாட்டன் முப்பது மாட்டுக்கு வாங்கின ராஜா. ரெண்டு மாடு குறைச்சுக் குடுத்திருக்கார். எழுதினவன் அழுதிருக்கான், பாருங்க."

மக்ரிலி மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "வீட்டு கேட்டுல கிரீடம் வார்த்து வெச்சிருக்கேன். என் பொண்டாட்டி ஊரு பூரா சொல்லிட்டா." பிறகு படத்தை விரலால் தட்டி, "சரி, இந்தப் பக்கம் வெளிய வராம இருக்க எவ்வளவு ஆகும்?"

"வராம இருக்காது."

"அப்ப எங்க வரும்?"

டல்லிக்கு முகத்தில் திடீரென்று களை வந்தது. "அடிக்குறிப்புல போடலாங்க. அங்க ஜனநடமாட்டமே கெடையாது. நான் நானூறு போட்டிருக்கேன், ஒண்ணக்கூட யாரும் படிச்சதாத் தகவல் இல்ல."

மக்ரிலி நாற்காலியை முன்னால் இழுத்தார். இப்போதுதான் அவருக்குத் தெரிந்த தொழில் ஆரம்பமாகிறது.

"தனி அத்தியாயமா வந்தா?"

"நீங்க சொன்ன பன்னிரண்டாயிரம்," என்றாள் நெஸா.

"அடிக்குறிப்பா?"

"பதினெட்டு."

"அநியாயம்மா! பதினாறு."

"பதினாறுக்கு முன்னுரையில ஒரு வரியா வரும். உங்க பேரோட."

"புத்தகத்துக் கடைசில, பொடி எழுத்துல?"

"இருபத்தொண்ணு."

"பதினெட்டரை."

நெஸா படத்தைப் பைக்குள் வைத்து எழுந்தாள்.

"உக்காரும்மா, உக்காரு! பத்தொம்பதரை. அதுக்கு மேல போனா என் ஆடிட்டர் கொன்னுடுவான்."

அவள் உள்ளங்கையில் துப்பிக் கையை நீட்டினாள். மக்ரிலி மிரண்டார்.

"இது என்ன, ராஜாக்கள் வழக்கமா?"

"ரொம்பப் பழசு," என்றார் டல்லி. மேயோ மாட்டுச் சந்தையில் பேரம் படிந்ததும் ஒவ்வொரு செவ்வாயும் நடப்பதுதான் என்று அவருக்கும் தெரியும். மக்ரிலி பூரித்துப்போய்த் தானும் துப்பி, கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார்.

நெஸாவின் 'சமரசமற்ற அறிவு நேர்மையைப் பாராட்டி' என்று வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. அத்லோனுக்கு ஃபோன் செய்து வேலை வேண்டாம் என்றாள். மாட்டுக்கு ஆசைப்பட்ட புலவனை ஆறு வருஷம் கிண்டலடித்து நானூறு பக்கம் எழுதியவள், கடித உறையைத் திருப்பிக் கணக்குப் போட்டாள்.

வரவு பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. வாடகை பதிமூவாயிரத்து இருநூறு. சாப்பாடு, பஸ் நாலாயிரத்து அறுநூறு. பக்கங்களைப் படமாக அச்சிட நூலகத்துக்கு அறுநூற்று நாற்பது. மீதி ஆயிரத்து அறுபது. அப்பாவிடம் போன குளிர்காலத்தில் வாங்கியது ஆயிரத்து நானூறு.

பாக்கி: அப்பாவுக்கு முந்நூற்று நாற்பது யூரோ. படிக்கப்போகிறவர்களுக்கு ஒரு அத்தியாயம்.